இருபது எண்ணும்வரை

துளசிமணியின் நெஞ்சில் ஒட்டியிருந்த பட்டையைப் பொன்னாத்தாக்கா பிடித்து இழுக்க, அது நீண்டு நீண்டு, யூனிட் வாசலைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, எங்கள் வீதியின் பதினாறு வீடுகளையும் தாண்டிப் போய், பதினேழாவது வீடான துளசியின் வீட்டு நிலையில் விளக்கு மாட்டும் கொக்கியில் போய் மாட்டிக்கொண்ட அந்தச் செவ்வாய்க்கிழமை, யாரும் வாயைப் பிளந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எங்களுக்கு வந்தது சந்தேகம்தான். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் சந்தேகப்படுவதுதான் எங்கள் பிழைப்பு.

அந்தப் பிழைப்பைச் சொல்லிவிட்டால் மற்றது தானாக விளங்கும். எங்கள் எலாஸ்டிக் வீதி திருப்பூருக்கு வடக்கே இருக்கிறது. ஒரே ஒரு யூனிட், அதை ஒட்டிப் பதினேழு வீடுகள். ரப்பர் நூலை இழுத்துப் பிடித்து, அதன்மேல் பருத்தி நூலைச் சுற்றி, தறியில் நாடாவாக நெய்து, ஊர் உலகத்தின் ஜட்டிகளும் பாவாடைகளும் இடுப்பில் நிற்கும்படி செய்து அனுப்புகிறோம். ஆண்கள் தறியில், பெண்கள் செக்கிங்கில். செக்கிங் என்றால், ஓடி வரும் நாடாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பழுதைத் தேடுவது. அதற்கப்புறம் இழுவைப் பலகை. நாடாவில் கோடு போட்டு, இரண்டு மடங்கு இழுத்து, ஆணியில் மாட்டி, இருபது எண்ணி, விட்டுவிட்டு மறுபடி இருபது எண்ணிப் பார்ப்போம். பழைய கோட்டுக்குத் திரும்பினால் அது சரக்கு. முழுசாகத் திரும்பாவிட்டால் சிவப்பு நூல் கட்டி, ஓய்வுப் பலகையில் கிடக்கவிட்டு, பிறகு மறுபடி இழுத்துப் பார்ப்போம். உள்ளே ரப்பரே அறுந்து போயிருந்தால் அதற்குச் சிவப்பு நூல்கூடக் கிடையாது, நேராகக் கழிவுக் கூடைதான். ஒரே ஒரு விதி. இழுத்த நாடாவை, எதிர்முனையில் இருப்பவருக்குச் சொல்லாமல் விடக் கூடாது. விட்டவருக்கு ஒன்றும் ஆகாது, பிடித்திருப்பவர் மேல்தான் அடிக்கும். என் வலது புருவத்துத் தழும்பு அப்படி வந்ததுதான்.

நான் சம்பூர்ணம். செக்கிங்கில் இருபத்திரண்டு வருஷம். துளசி வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தக் கதையில் நான் நல்லவள் இல்லை, அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

துளசிமணிக்குச் சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அது சும்மா போகாமல் இதயத்தின் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. முப்பத்தோரு வயதில் அவளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மற்றபடி எங்கள் யூனிட்டில் அவள் விரலுக்கு ஈடு கிடையாது. பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து யூனிட் மாடியில் இலவச முகாம் போட்டு, எங்கள் எல்லோருடைய நெஞ்சிலும் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, அவளை மட்டும் தனியாக உட்காரவைத்து, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வெங்காயத் தோல் போலிருந்த பட்டை ஒன்றை ஒட்டினார்கள். ஒட்டியது கண்ணாடி போட்ட ஒரு பெண். அவள் பேர் கடைசிவரை எங்கள் வாயில் நுழையவில்லை, கண்ணாடிப் பொண்ணு என்றே இருந்துவிட்டாள்.

“இது உங்க தோல் மாதிரியேதான், அக்கா. இழுத்தா நீளும், விட்டா திரும்பும்” என்றாள். “உள்ள தங்கக் கம்பி இருக்கு. தலைமுடியைவிட மெல்லிசு. நேராப் போட்டா அறுந்துடும்னு நெளிநெளியாப் போட்டிருக்கோம். நீங்க குனிஞ்சா நெளி விரியும், நிமிர்ந்தா சுருங்கும். உங்க இதயம் எப்படித் துடிக்குதுன்னு எங்க கம்ப்யூட்டருக்குச் சொல்லிட்டே இருக்கும்.”

அவள் வண்டி ஏறியதும் பொன்னாத்தாக்கா மூக்கைச் சுளித்தாள். செக்கிங்குக்கு அவள்தான் தலை.

“விட்டாத் திரும்பும்னு சொல்லாத சேம்பிள்காரன் எவன் இங்க வந்திருக்கான்? பலகையில போட்டாத்தான் தெரியும், அம்முணி.”

“ஒட்டிக்கிட்டேனுங்களே, அக்கா. எப்படிப் பலகையில போடறது?” என்றாள் துளசி.

“நீயே பலகையா நில்லு.”

வேறு எந்த ஊரிலாவது ஒரு நோயாளியின் நெஞ்சிலிருக்கும் மருத்துவக் கருவியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார்களா, தெரியவில்லை. எங்களுக்கு அது தப்பாகவே படவில்லை. பட்டையின் கீழ் விளிம்பைப் பொன்னாத்தாக்கா கிள்ளி எடுத்து, இரண்டு மடங்குக்கு இழுத்தாள், வந்தது. பத்து மடங்குக்கு இழுத்தாள், வந்தது. சுவர் தடுத்ததால் வாசலுக்குத் திரும்பினாள், வாசல் முடிந்ததால் வீதிக்கு இறங்கினாள், இரண்டு விரல் அகலத்தில் அது பின்னால் வந்துகொண்டே இருந்தது, வெயில் பட்டபோது உள்ளே தங்க நெளி மின்னியது. கொக்கியில் மாட்டிவிட்டு நாங்கள் எல்லோரும் சேர்ந்து இருபது எண்ணினோம். கழற்றப் போன பொன்னாத்தாக்காவின் விரல் அப்படியே நின்றது.

“நாடா இல்லைங்கடி இது” என்றாள் மெதுவாக. “உள்ள துடிக்குது.”

தொட்ட எல்லோருக்கும் துடித்தது. யூனிட்டில் பலகையாக நின்ற துளசியின் இதயம், முந்நூறு தப்படிக்கு அப்பால் எங்கள் விரலில் துடித்தது. இனி இதை விடக் கூடாது, துளசியே நடந்து வரட்டும் என்று சொல்லி அனுப்பினோம். அவள் நடக்க நடக்கப் பட்டை சுருங்கி, வாசலுக்கு வந்து சேர்ந்தபோது ஒரு சாண் ஆகிவிட்டது. கழற்றியதும் கம்மென்று நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டது. பொன்னாத்தாக்கா ஸ்கேல் வைத்து அளந்தாள். நூலிழைகூட வித்தியாசம் இல்லை.

“சரக்குதான்” என்றாள், தோற்றுப்போனவள் மாதிரி.

மறுநாள் காலையில் துளசி வேலைக்குக் கிளம்பும்போது தானாகவே பட்டையின் முனையை எடுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தாள். அவள் புருஷன் வெள்ளியங்கிரிக்குத் தறியில் ராத்திரி ஷிப்ட், பகலில் வீட்டில் படுத்திருப்பான். அவளுக்கு எந்த நேரம் என்ன ஆகுமோ என்று அவனுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து பயம். “பயந்தா ஒருக்கா தொட்டுப் பாத்துக்குங்க” என்று அவள் அவனிடம் சொன்னது சுவர் வழியாக என் காதில் விழுந்தது. எனக்கு அப்போதே ஒரு எரிச்சல் வந்தது. என் புருஷன் என் கையைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தது எந்த வருஷம் என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

ஒரு வாரத்தில் வீதி அதைப் பழகிக்கொண்டது. குறுக்கே போகிறவர்கள் குனிந்து போனார்கள். அதன்மேல் துணி காயப்போட்ட செக்கிங் மருதாத்தாளைத் திட்டி எடுக்கவைத்தோம். கரண்ட் ஆபீஸ் ஆள் வந்து, இது தங்கள் கம்பி இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். தேர் வந்த அன்று மூங்கில் கொம்பால் அதை உயர்த்திப் பிடிக்கத் தனியாக ஓர் ஆள் போட்டார்கள், அடுத்த வருஷமும் தனக்கே அந்த உரிமை என்று அவன் சொல்லிவைத்தான். தூங்காத கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து பட்டைமேல் முதுகு படும்படி பிடித்தால் தூங்கிப்போயின. அது தங்கம்தானா என்று ஒருவர் உரசிப் பார்த்து, துளசிக்கு இருமல் வந்து, பொன்னாத்தாக்காவிடம் செருப்படிப் பேச்சு வாங்கினார்.

கம்பெனிக்காரர்களுக்குத்தான் பழகவில்லை. தோல் நீளும் அளவுக்குமேல் கொஞ்சம் இழுத்தாலே தங்கள் பட்டை கிழிந்துவிடும் என்றும், கம்ப்யூட்டரில் அது தினமும் முந்நூறு தப்படி நீள்வதாகக் காட்டுகிறதென்றும், வீதிக்காரர்கள் நாங்கள் அதில் எதையோ கலந்திருக்கிறோம் என்றும் அவர்களுக்குச் சந்தேகம். இரண்டு பேர் வந்து எங்கள் ரப்பர் நூலில் ஒரு முழம் கேட்டு வாங்கிப் போனார்கள். எங்களுக்கோ, எங்கள் நெசவு ரகசியத்தைத் திருடத்தான் பட்டையே ஒட்டினார்கள் என்று சந்தேகம். கடைசியில், துளசியைப் பெங்களூரில் வைத்து இருபது நாள் பரிசோதிக்க வேண்டும், வால்வையும் பெரிய டாக்டர்கள் பார்ப்பார்கள் என்று சொல்லிக் கூப்பிட்டார்கள்.

பெருமாநல்லூரில் பஸ் ஏறும் அன்றும் அவள் முனையைக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் கிளம்பினாள்.

“அவ்வளவு தூரம் வருமா, புள்ளெ?” என்றான் வெள்ளியங்கிரி.

“வந்த வரைக்கும் வரட்டுமுங்க. இதை யாரு கைலயும் கொடுத்துறாதீங்க.” அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். “விடோணும்னா மட்டும் எனக்குச் சொல்லிட்டு விடுங்க.”

வந்தது. பஸ்ஸின் பின்னால் பெருந்துறை தாண்டி, பவானியில் காவிரிப் பாலம் தாண்டி, சங்ககிரி தாண்டி, சேலத்தில் மேம்பாலத்துக்கு அடியில் ஒருமுறை சிக்கி விடுபட்டு, தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்குமேல் தொய்ந்து நிமிர்ந்து, தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஓசூரும் கடந்து பெங்களூர் போய்ச் சேர்ந்தது. வழியிலிருந்தவர்களும் பழகிக்கொண்டார்கள். சுங்கச்சாவடியில் அதைத் தூக்கிவிட ஒரு கவைக்கோல் வைத்தார்கள். சங்ககிரி டீக்கடைக்காரர் ஒருவர் வருகிற போகிறவர்களிடம், அக்கா இன்றைக்குச் சவுகரியமாக இருக்கிறார் என்று தொட்டுப் பார்த்துச் சொல்வாராம்.

முதல் நாள் சாயங்காலம் நாலு மணி. செக்கிங்குக்கு டீ நேரம். டம்ளரோடு நான் வீட்டுப் பக்கம் வந்தேன். ஊர் விட்டு ஊர், ஒற்றைப் பொம்பிளை, ஜீன்ஸ் போட்ட ஆம்பிளைகள் நடுவில் நெஞ்சைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே பட்டையை விரலிடுக்கில் வாங்கினேன். குதிரை மாதிரி ஓடியது.

“பொன்னாத்தாக்கா, இங்க வாங்க” என்று கூப்பிட்டேன். “இவளுக்கு ஏன் இப்படி அடிக்குது?”

அவள் தொட்டாள், அடித்தது. மருதாத்தாள் தொட்டாள், இன்னும் வேகமாக அடித்தது. மறுநாள் நாலு மணிக்குப் பதினோரு பேர் போனோம், அதற்கடுத்த நாள் தறிக்காரர்களும் வந்தார்கள், டீ மாஸ்டர் டீயையே அங்கே கொண்டுவந்து ஊற்றத் தொடங்கினார். தினமும் நாலு மணிக்கு, தவறாமல், நாங்கள் விரலிடுக்கில் வாங்கிக் கண்ணை மூடிய கணத்தில், துளசிமணியின் இதயம் தலைதெறிக்க ஓடியது. நாலேகாலுக்கு நாங்கள் கலையும்போது தணிந்தது. மற்ற நேரத்தில் எப்படி இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை, மற்ற நேரத்தில் எங்களுக்கு வேலை இருந்தது.

“நாலு மணிக்கு அங்க யாரோ வர்றாங்க” என்று முதலில் சொன்னது யார் என்று பிற்பாடு ஆளுக்கு ஆள் கை காட்டினார்கள். முதலில் சொன்னது நான்தான். சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வெள்ளியங்கிரி முதலில் எங்களோடு சேரவில்லை. திண்டாட்டமாக ஓரத்தில் நிற்பான். அவன் பார்ப்பது விடிகாலை அஞ்சு மணிக்கு, ஷிப்ட் முடிந்து வந்ததும். குழந்தையின் கன்னத்தைத் தொடுவது போலப் புறங்கையைப் பட்டைமேல் வைப்பான். வாசல் தெளிக்கும்போது நானே பார்த்திருக்கிறேன். அது சீராகத் துடிக்கும், அவன் முகம் தெளியும், உள்ளே போய்ப் படுத்துக்கொள்வான். ஆனால் பகலெல்லாம் வீதி பேசினால் ஒரு மனுஷன் எத்தனை நாள் தாங்குவான்?

பத்தாம் நாள் அவன் போனில் கேட்டுவிட்டான். நாங்கள் சுற்றி நின்று கேட்டோம்.

“நாலு மணிக்கு அங்க என்ன பண்றே?”



“ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருக்கேன்.”

அவள் பொய் சொல்கிறாள் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். பட்டை எங்கள் கையில் படபடத்துக்கொண்டிருந்தது. வெள்ளியங்கிரி போனை வைத்துவிட்டு எங்களைப் பார்க்காமல் உள்ளே போனான். மறுநாள் விடிகாலை அவன் புறங்கையை வைக்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து, எங்களைப் பார்த்துப் பழகிய மாதிரியே, பிடித்து அழுத்திப் பார்த்தான்.

பத்தொன்பதாம் நாள் நாலு மணிக்கு அந்த வாசலில் நாற்பது பேருக்குக் குறையாது. தெரு முழுக்கத் தோளோடு தோள், டீ வாசனை, பட்டையில் கை வைக்க இடம் இல்லாமல் ஒருவர் விரல்மேல் ஒருவர் விரல். அது அன்றைக்கு அடித்த அடியில் கொக்கியே கிணுகிணுத்தது. யாரோ சிரித்தார்கள். “இன்னிக்கு விசேஷம் போலிருக்குது” என்று ஒரு குரல். வெள்ளியங்கிரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கொக்கியிலிருந்து முனையைக் கழற்றினான்.

“என்ன பண்றே, சாமி?” பொன்னாத்தாக்கா அலறினாள். “இழுத்த சரக்குடா அது! விட்டா அவ மேல அடிக்கும்!”

“ஒரு இழுப்பு இழுத்துக் கேக்கப் போறேன். அவ்வளவுதான்” என்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்து இழுத்தான். அதன் பிறகு அவன் கையில் பட்டை இல்லை. தவறிவிட்டது என்று இன்றைக்கும் சொல்கிறான். வீதியில் யாரும் நம்பவில்லை. எதிரே நின்று அவன் விரல்கள் பிரிந்ததைப் பார்த்த நானும் நம்பவில்லை.

ஒரு சீழ்க்கைச் சத்தம். தண்ணீர்த் தொட்டியின் மூடி பறந்தது. பட்டை வீதியை விட்டுப் போய்விட்டது.

நாற்பது பேரும் கல்லாய் நின்றோம். பொன்னாத்தாக்காதான் அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவன் கையில் திணித்தாள்.

“துளசி, விட்டுட்டேன், துளசி. அதைப் பிச்சு எறி. சீக்கிரம் பிச்சு எறி!”

“தெரியுமுங்க” என்றாள். குரல் தெளிவாக இருந்தது. “நாலு மணியாச்சேன்னு எதிர்பார்த்துட்டுத்தான் இருந்தேன். பிச்சா வராதுங்க, இழுவையில இருக்கறப்ப வராது. எங்க வருதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

ஊரெல்லாம் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்ததற்கு அன்றைக்குத்தான் பயன் வந்தது. ஆளாளுக்குப் போன் போட்டோம். பெருந்துறையைத் தாண்டிவிட்டது என்றார்கள். பவானிப் பாலத்தில் ஒருவர் தலைப்பாகையைத் தட்டிவிட்டுப் போனதாம். சங்ககிரி டீக்கடைக்காரர், அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று அழுதார்.

“ஏன் புள்ளெ பொய் சொன்னே?” வெள்ளியங்கிரி தேம்பினான். “நாலு மணிக்கு யாரு வர்றா?”

“நீங்கதான் வர்றீங்க” என்றாள் துளசி. “நீங்க எல்லாருந்தான். சம்பூர்ணக்கா, பொன்னாத்தாக்கா, மருதாத்தா. நாலு மணியானா வீதியே என்ற நெஞ்சுமேல விரலை வெச்சு அழுத்துனா அது ஓடாம என்ன பண்ணுமுங்க? இங்க டாக்டருங்க அதைப் பாத்துப்போட்டு, தினமும் நாலு மணிக்குப் படபடப்பு வருது, வால்வு முத்திப்போச்சு, வெள்ளிக்கிழமை நெஞ்சைத் திறக்கோணும்னு எழுதியிருக்கறாங்க. அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது? எங்க வீதிக்காரங்க என்னைச் சந்தேகப்படறாங்கன்னா?”

பட்டை சேலத்தைத் தாண்டிவிட்டதாக யாரோ மெல்லச் சொன்னார்கள்.

“ரோட்டுல எத்தனையோ பேரு தொட்டாங்க” என்றாள். “அவங்க சும்மா தொட்டாங்க, தெரிஞ்சுதுங்க. நானும் செக்கிங்காரிதானே? பழுது தேடற விரல் எதுன்னு எனக்குத் தெரியாதா?”

“நான் அப்படித் தொடலியே, துளசி.”

“தொடலீங்க. பத்து நாள் காத்தால அஞ்சு மணிக்குப் புறங்கையில தொட்டீங்க. அதுக்காவத்தான் நாலு மணியைப் பொறுத்துக்கிட்டேன்.” இங்கேதான் அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. “பதினோராம் நாளு விரல்ல புடிச்சுப் பாத்தீங்க.”

தொப்பூர். தர்மபுரி. கிருஷ்ணகிரி. ஓசூரில் எங்களுக்கு ஆள் இல்லை. போனில் கண்ணாடிப் பொண்ணின் குரல் கேட்டது, உள்ளே வந்துவிடுங்கள் அக்கா என்று கெஞ்சியது. வேண்டாம், உள்ளே இருந்தால் குறுக்கே நிற்பவர்கள்மேல் படும் என்று துளசி சொன்னது கேட்டது. வெட்டவெளிக்குப் போய், அடி வரும் திசைக்கு முதுகைக் காட்டி, நெஞ்சைக் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறேன் என்றாள். அது நாங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இழுவை அறுந்தால் முகத்தைக் காட்டாதே, முதுகைக் காட்டு.

சீழ்க்கை. பிறகு ஈரத் துணியைக் கல்லில் ஓங்கி அடித்த சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

“நின்னுடுச்சு” என்று கண்ணாடிப் பொண்ணு எங்கோ தூரத்தில் கத்தினாள். “இதயம் நின்னுடுச்சு!”

அப்போது பொன்னாத்தாக்கா, யாரும் சொல்லாமலே, கண்ணை மூடிக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். ஒண்ணு. ரெண்டு. மூணாவதில் நான் சேர்ந்துகொண்டேன். ஏழில் வீதி முழுக்கச் சேர்ந்துகொண்டது. வேறென்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை, இழுத்து விட்ட எதற்கும் நாங்கள் செய்வது இதுதான். பதினஞ்சு, பதினாறு என்று நாற்பது தொண்டைகள் ஒரே குரலாக எண்ண, வெள்ளியங்கிரி மட்டும் எண்ணாமல் மண்ணில் உட்கார்ந்து கொக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பத்தொன்பது. இருபது.

“திரும்பிடுச்சு!” என்றது போன். “துடிக்குது. அக்கா, துடிக்குது!”

நாங்கள் அழுதோம். பொய் அழுகை இல்லை. ஆனால் அழுதுகொண்டே ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டோம், யார் முதலில் ஆரம்பித்தது என்று.

மறுநாள் நாலு மணிக்கு அவள் இதயம் ஓடவில்லை, அதற்கடுத்த நாளும் ஓடவில்லை. டாக்டர்கள் வெள்ளிக்கிழமையை அடித்துவிட்டு, மாத்திரை எழுதிக்கொடுத்து, வால்வு இன்னும் பல வருஷம் வரும் என்று அனுப்பிவிட்டார்கள். கம்பெனியின் கம்ப்யூட்டரில் அந்தப் பத்தொன்பது நாள் கணக்கை எதோடு சேர்ப்பது என்று தெரியாமல் பிழை என்று எழுதிவைத்தார்களாம்.

அழைத்துவரக் கிளம்பிய வெள்ளியங்கிரியை அவள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்கி, தனியாக வீதியில் நடந்தாள். ரவிக்கைக்கு மேலே முதுகில் அந்த அடி தெரிந்தது, இரண்டு விரல் அகலம், உள்ளே நெளிநெளியாக. பட்டை நெஞ்சில் இருந்தது. முனையை ரவிக்கைக்குள் செருகியிருந்தாள். யாரிடமும் சண்டை போடவில்லை. அதுதான் எங்களால் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் அஞ்சு மணிக்கு நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். வெள்ளியங்கிரி ஷிப்ட் முடிந்து வந்து கொக்கிக்குப் பக்கத்தில் நின்றான். துளசி வெளியே வந்தாள். என்ன நினைத்தாளோ, ரவிக்கையிலிருந்து பட்டையின் முனையை எடுத்து ஒரு சாண் நீளத்துக்கு இழுத்து அவன் முன்னால் நீட்டினாள்.

“தொடுங்க.”

அவன் முகம் மலர்ந்துபோய்க் கையை நீட்டினான். அவனுக்கே தெரியாமல் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்திருந்தன. துளசி அந்த விரல்களைப் பார்த்தாள். அவனும் அவள் பார்ப்பதைப் பார்த்துத் தன் விரல்களைப் பார்த்தான். கையைச் சட்டென்று புரட்டப் போனான், அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பிலிருந்து செக்கிங் நூல்கண்டை எடுத்து, அந்த மணிக்கட்டில் சிவப்பு நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடி போட்டுப் பல்லால் கடித்து அறுத்தாள்.

வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்தால் கோயில் கயிறு என்று நினைப்பார்கள். வெள்ளியங்கிரிக்கு அப்படி ஒரு சவுகரியம் கிடையாது.

“மறுபடி எப்பப் பாப்பே?” என்றான்.

“ஓய்வுல கிடக்கட்டும். நானே சொல்றேன்.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனான். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் போனேன். என் கையை நீட்டினேன்.

“எனக்கும் கட்டு, துளசி.”

என் மணிக்கட்டை அவள் கையில் எடுத்தாள். கட்டைவிரலை மேலேயும் ஆள்காட்டி விரலைக் கீழேயும் வைத்து, கண்ணை மூடி, ஓடி வரும் நாடாவைப் பார்ப்பது போல மெதுவாக முழங்கைவரை தடவிப் பார்த்தாள். என் இதயம் குதிரை மாதிரி ஓடியது. அவள் கண்ணைத் திறந்து, உள்ளே ரப்பர் அறுந்த நாடாவைக் கூடையில் வைப்பது போல, என் கையை மெல்ல என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“உங்களுக்கு நூல் வேண்டாமுங்க, அக்கா” என்று சொல்லிவிட்டு, கண்டை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனாள்.